ட்ரம்பெட்காரரின் ஈறு

என் சம்பந்தியின் சர்க்கரை எப்போதும் கட்டுப்பாட்டில்தான் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்த ஒவ்வொன்றுக்கும் அவர் வீட்டிலும் என் வீட்டிலும் எழுந்த முதல் கேள்வி, "சுகர்தான் கண்ட்ரோல்ல கீதே, அப்பறம் இன்னா?" என்பதுதான்.

சம்பந்தி என்றால் என் மருமகளின் அப்பா. சேரப்பணஞ்சேரிப் பக்கம் கத்தோலிக்கக் குடும்பம். ஒரகடத்தில் கார் உதிரிபாகங்கள் செய்யும் ஓர் ஆலையில் இரும்புத் தகட்டை அடித்து வடிவமாக்கும் பிரஸ் ஷாப்பின் சூப்பர்வைசராக இருந்தார். ஓய்வுக்குச் சில மாதங்களே பாக்கி. நான் வேறொரு ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவின் தலைவனாக இருந்து முன்பே ஓய்வு பெற்றவன். ஒரு வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதி வைப்பதும், அப்படிச் செய்யாதவர்களைக் கண்டுபிடிப்பதும் என் உத்தியோகம். ஓய்வுக்குப் பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. பட்டா மாற்றம், பி.எஃப்., மருத்துவக் காப்பீடு என்று தெருவில் எதற்கும் என்னிடம்தான் வருவார்கள். நான் சொன்ன வழியில் காரியம் முடிந்தவர்கள் நன்றி சொல்வார்கள். முடியாதவர்கள் வேறு வழியில் முடித்துக்கொண்டு, என் மனம் நோகக்கூடாது என்று என்னிடம் சொல்லாமல் இருந்துவிடுவார்கள்.

எங்கள் பக்கம் ஐம்பதைத் தாண்டிய இருவர் சந்தித்தால், பிள்ளைகள் சுகமா என்று கேட்பதற்கு முன் சாப்பாட்டுக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்றுதான் கேட்டுக்கொள்வோம். எனக்கும் சர்க்கரை உண்டு. மாறி மாறி வரும் ஷிப்டும், ஓ.டி.யும், கேன்டீன் பரோட்டாவும் பலருக்கு இதைச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்திருக்கின்றன. ஆலையில் வருடாந்திர மருத்துவப் பரிசோதனை வருகிறது என்றால் அதற்கு முந்தைய சில நாட்கள் பிரஸ் ஷாப்பே விரதம் இருக்கும். சோறு கிடையாது, டீயில் சர்க்கரை கிடையாது, பஸ் ஸ்டாப்பிலிருந்து கேட் வரை வேக நடை. ரத்தம் கொடுத்த அன்று மதியம் பிரியாணி. சம்பந்தி இந்தக் கூட்டத்தில் சேர்ந்தவர் அல்ல. வருடம் முழுக்க ஒரே அளவுச் சோறு, ஒரே நேர மாத்திரை. நான் பார்த்த சூப்பர்வைசர்களில் காதடைப்பானைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்ளாமல் காதில் போட்டுக்கொண்ட ஒரே ஆளும் அவர்தான். காரணம் விதிமுறை அல்ல. அவருக்குக் காது வேண்டியிருந்தது.

ஊரில் அவரை யாரும் சூப்பர்வைசர் என்று சொல்ல மாட்டார்கள். ட்ரம்பெட்காரர் என்பார்கள். பங்குக் கோயிலின் பேண்டு செட்டில் முன்வரிசையில் நின்று வழிநடத்துபவர் அவர். கல்யாணம், அடக்கம், திருவிழாத் தேர் எதுவானாலும் அவர் ஊதி ஆரம்பித்தால்தான் மற்றவர்கள் ஆரம்பிப்பார்கள். அவருடைய தம்பி பக்கத்தில் கிளாரினெட்; அண்ணனிடம் ட்ரம்பெட்டும் கொஞ்சம் பழகியவர். எனக்குச் சங்கீத ஞானம் கிடையாது. ஆனால் ஒரு மனிதர் பகல் முழுக்க இரும்புத் தகடு அறைபடும் சத்தத்தில் நின்றுவிட்டு, சாயங்காலம் ஒரு சுரத்தைத் தடவித் தடவி எடுப்பதைப் பார்க்க ஞானம் தேவையில்லை.

ஓர் அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். கல்லறைத் தோட்டத்துக்கு நடக்கும்போது வழக்கமாக வாசிக்கும் பாட்டில் ஒரு நீண்ட வரி உண்டு. அதை அவர் ஒரே மூச்சில் எடுப்பார் என்பது ஊருக்கே தெரியுமாம். அன்று நடுவில் நிறுத்தி மூச்சு எடுத்தார். நான் கவனிக்கவில்லை. எல்லாம் முடிந்து எதிரே டீக்கடையில் நின்றபோது தம்பி ஆரம்பித்தார்.

"இன்னாண்ணே, ஒரே இழுப்புல போற லைனு. இன்னிக்கு ஒரகடம் ஜங்ஷன் சிக்னல்ல நிக்கிறாப்பல நடுவுல நின்னுகினே?"

"காத்து பத்தலடா."

"வயசாவுதுல்ல. பேசாம எங்கையில குடுத்துட்டு பெரிய ட்ரம்மு அடி. அதுக்கு காத்து வாணாம்."

தம்பி சிரித்துக்கொண்டே போய்விட்டார். சம்பந்தி என் பக்கம் திரும்பினார். "நாலு அடக்கமா இப்டிதான் சம்மந்தி. மாடி ஏறுறேன், ஷாப்ல நின்னுகினே கீறேன், ஒண்ணும் இல்ல. அந்த ஒரு வரிக்கு மட்டும் காத்து தீந்து போவுது."

"நெஞ்சுல வலி?"

"வலியே இல்ல. வலிச்சா வூட்ல சொல்ல மாட்டனா?"

பேசிக்கொண்டே ட்ரம்பெட்டின் வாய்ப்பகுதியைக் கைக்குட்டையால் துடைத்தார். வெள்ளைத் துணியில் சிவப்பு. நான் பார்ப்பதைப் பார்த்தார்.

"அது ஈறு. வருஷக்கணக்கா வருது. ஊதுற வாயில ரத்தம் வரத்தான் செய்யும். எங்க செட்டுல எல்லாருக்கும் அப்டிதான். ரத்தம் வராதவன் சும்மா உதட்டுல வெச்சுகினு கீறான்னு எங்க வாத்தியார் சொல்லுவாரு."

இதைப் பெருமையாகவே சொன்னார். முன்பற்கள் இரண்டும் ஆடுவதையும் அப்படித்தான் சொன்னார், நீண்ட சர்வீஸுக்குக் கிடைத்த மெடல் போல. ஒரு தலைமுறை பேண்டுக்காரர்கள் தங்கள் ஈறு நோயைத் திறமைக்கு அத்தாட்சியாக எண்ணி வாழ்ந்திருக்கிறார்கள். குறையைத் தகுதியாக மாற்றி எழுதும் வித்தையை ஆலைகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். வாயில் பார்த்தது அதுவே முதல் முறை.

ஸ்ரீபெரும்புதூரில் நான் போகும் டாக்டரம்மாவிடம் அவரை அழைத்துப் போனேன். அவர் முதலில் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைப் பார்த்தார்.

"நல்லா வெச்சிருக்கீங்களே."

சம்பந்தி என்னைப் பார்த்த பார்வையில், இதைக் கேட்கவா பஸ் ஏறி வந்தோம் என்று இருந்தது.

"வாயைத் திறங்க."

"மேடம், மூச்சுக்கு வந்தோம்."

"தெரியுது. திறங்க."

டார்ச் அடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, அவசரமில்லாமல் சொன்னார். "சுகர் குறைஞ்சிருக்கு, சந்தோஷம். ஆனா அதோட கதை முடியல. உங்க ஈறு பூரா ஆறாத புண்ணு. உடம்பு ராத்திரி பகலா அதோட சண்டை போட்டுக்கிட்டிருக்கு. இதுக்கு அழற்சின்னு பேரு. அந்தச் சண்டை வாயோட நிக்காது, ரத்தத்துல கலந்து எல்லா இடத்துக்கும் போகும். சர்க்கரை இருக்கறவங்களுக்கு ரத்தக் குழாயோட உள்சுவர் ஏற்கெனவே நொந்து போயிருக்கும். கொழுப்பு வந்து படியும். படிஞ்ச இடமும் வீங்கும். ஒருநாள் அது வெடிச்சா அடைப்பு."

"ஆனா நெஞ்சு வலியே இல்லியே மேடம்."

"அதைத்தான் நான் நம்ப மாட்டேன். சர்க்கரை வந்து ரொம்ப வருஷமானா வலியைச் சொல்ற நரம்பே மந்தமாயிடலாம். சிலருக்கு மூச்சு வாங்கறதுதான் நெஞ்சு வலி."

சம்பந்தி அதைத் தன் ஷாப் பாஷைக்கு மாற்றினார். "பேரிங்கு சூடு ஏர்றாப்பலன்னு சொல்லுங்க. மிஷின் ஓடிகினே இருக்கும், பீஸு அளவு எல்லாம் கரெக்டா வரும். உள்ள மட்டும் வெந்துகினு இருக்கும்."

"அப்படியே வெச்சுக்கங்க," என்றார் டாக்டரம்மா. அவர் சொன்னதை நான் ஆங்கிலத்தில் பலமுறை படித்திருந்தேன். சம்பந்தி பேரிங்கை வைத்துச் சொன்ன பிறகுதான் அது எனக்கே உறைத்தது.

அதன் பிறகு எல்லாம் வரிசையாக நடந்தது. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு கூடுதலாக இருந்தது. சளி பிடித்தாலும் கூடும் என்று சொல்லி, இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னார். மறுபடியும் கூடுதல். ட்ரெட்மில்லில் நடக்க வைத்து ஈ.சி.ஜி. பார்த்தபோது, அதில் மாற்றம் தெரிந்ததால் பாதியில் நிறுத்திவிட்டார்கள். சென்னையில் ஆஞ்சியோ செய்ததில் மூன்று குழாய்களில் அடைப்பு. சர்க்கரை உள்ளவருக்கு இத்தனை இடத்தில் அடைப்பென்றால் பைபாஸ்தான் நல்லது என்றார் சர்ஜன். மாத்திரைகளை உடனே ஆரம்பித்தார், ட்ரம்பெட்டைத் தொடக்கூடாது என்றார். கூடவே ஒன்று கேட்டார்: வாயில் சீழும் புண்ணும் இல்லை என்று பல் டாக்டரிடம் எழுதி வாங்கி வர வேண்டும். நெஞ்சைத் திறக்கும் நேரத்தில் வாயிலிருந்து கிருமி ரத்தத்தில் இறங்கக்கூடாது. சில வாரங்களுக்கு மேல் தள்ளிப்போட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொன்னார். ஓய்வு பெற்றால் ஆலையின் காப்பீடும் நின்றுவிடும் என்பதை நான் சொன்னேன். அந்த விவகாரத்தில் என் அறிவு யாருக்கும் குறைந்ததல்ல.

படப்பையில் ஒரு பல் டாக்டர், சின்ன வயதுப் பெண். ஒவ்வொரு பல்லாகத் தட்டி, ஆட்டி, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பின்பக்கம் மூணை எடுத்துத்தான் ஆகணும் சார். மத்ததெல்லாம் ஈறுக்குள்ள ஆழமா சுத்தம் பண்ணாத் தேறிடும். பிரச்சினை மேல முன்னாடி இருக்கற இந்த ரெண்டுதான். எலும்பு கரைஞ்சு போச்சு."

"காப்பாத்த முடியாதா?" என்று கேட்டது நான்.

"முயற்சி பண்ணலாம். சுத்தம் பண்ணி, பக்கத்துப் பல்லோட சேர்த்துக் கட்டி, ஆறுதா இல்லையான்னு பாக்கலாம். மாசக்கணக்குல ஆகும். நிக்கும்னு சொல்ல முடியாது. அதுவரைக்கும் நான் சர்ஜனுக்கு லெட்டர் தர முடியாது."

சம்பந்தி ஒன்று மட்டும் கேட்டார். "பல்செட்டு வெச்சுகினு ட்ரம்பெட்டு ஊதலாமா மா?"

அந்தப் பெண் யோசித்தார். சுலபமான பதில் ஒன்று அவர் கைவசம் இருந்திருக்கும், அதை எடுக்கவில்லை. "சிலர் ஊதறாங்க. உங்களுக்கு வருமான்னு தெரியாது. மேல் சுரம் போயிடலாம்."

முன்பல் இரண்டும் போனால் ட்ரம்பெட் போகும். அவற்றுக்காகக் காத்திருந்தால் ஆபரேஷன் தள்ளிப்போகும், அதற்குள் எந்தக் குழாய் எப்போது மூடும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு பற்களுக்கு நடுவே ஒரு மனிதரின் காலம் மாட்டிக்கொண்டு நின்றது.

அன்று மாலை அவர் வீட்டில் எல்லோரும் பேசினார்கள். தம்பிதான் அதிகம் பேசினார். கிண்டலெல்லாம் போய், அழுகிற நிலையில் இருந்தார்.

"பல்ல புடுங்கிட்டா பேண்டு முடிஞ்சுதுண்ணே. தேருக்கு இன்னும் எவ்ளோ நாளு? அது முடிச்சுட்டு பாத்துக்கலாம். மாதா கைவுட மாட்டாங்க."

"மாதாவ ஏன் இதுல இழுக்கிறே," என்றார் சம்பந்தியம்மா. "அவங்களா பல்லு தேய்க்காம வுட்டாங்க?"

"அண்ணி, நான் அத சொல்லல."

"நீ எத சொன்னாலும் அதான் வந்து நிக்குது. இவரு இருந்தாதான் தேரு. இல்லன்னா எனக்கு எந்தத் தேரும் வாணாம்."

சம்பந்தி வாயே திறக்கவில்லை. தயங்குகிறார் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து, அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று என் வழக்கப்படி தயாரானேன். முதலில் ஆபத்து, பிறகு மாற்று வழி, பிறகு காப்பீடு, கடைசியில் எங்கள் இருவரின் பேத்தி. இரண்டாவது அபிப்பிராயத்துக்கு ஒரு டாக்டரைக்கூடக் கேட்டு வைத்திருந்தேன். காலையில் இத்தனையும் மனத்தில் அடுக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனால், சம்பந்தியம்மா வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"அவரு இல்லியே. பல்லு புடுங்கப் போயிட்டாரு."

"தனியாவா?"

"நீங்க வந்தா லேட்டாவும்னாரு." கொஞ்சம் சங்கடப்பட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க சம்மந்தி," என்றார். "ராத்திரி நீங்கெல்லாம் கெளம்பினதுமே ட்ரம்பெட்ட கழட்டித் தொடச்சு, வால்வுக்கெல்லாம் எண்ணெ போட்டு, தம்பி வூட்ல கொண்டு போயி குடுத்துட்டாரு. ஷிப்டு முடிஞ்சா ஹேண்டோவர் குடுத்துட்டுதான் கெளம்பணுமாம். அவன் வாங்க மாட்டேன்னு ஒரே அழுகை. இவரு வெச்சுட்டு வந்துட்டாரு."

நான் படப்பை போய்ச் சேர்ந்தபோது அவர் வாய் நிறையப் பஞ்சோடு உட்கார்ந்திருந்தார். என் வாதங்கள் ஒன்றுக்கும் வேலை இல்லை. என் உத்தியோக காலத்தில் ஒரு திருகாணியை மாற்றுவதற்குக்கூட எட்டுப் பேர் கூட்டம் போட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறோம். இந்த மனிதர் தன் வாழ்க்கையின் பாதியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, உரிய கையில் ஒப்படைத்துவிட்டு, ஷேர் ஆட்டோவில் ஏறி வந்து வாயைத் திறந்திருக்கிறார். நான் எழுதி வைத்த எந்த நடைமுறையையும்விட இது சுத்தமாக இருந்தது.

பேச முடியாததால் அவர் என் வாயைக் காட்டி, பிறகு நாற்காலியைக் காட்டி, டாக்டருக்கு ஜாடை செய்தார்.

"உங்களுக்கும் சுகரா சார்? உக்காருங்க. தேய்க்கறப்ப ரத்தம் வருதா?"

"எப்பவாவது. பிரஷ் புதுசு."

"எல்லாருக்கும் பிரஷ் புதுசுதான் சார்," என்றார் அந்தப் பெண். பஞ்சுக்குள்ளிருந்து சம்பந்தி சிரித்த சத்தம் கேட்டது.

சில வாரங்களில் ஈறு ஆறியது. டாக்டரம்மா மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சி.ஆர்.பி. இறங்கியிருந்தது.

"அப்ப எல்லாத்துக்கும் பல்லுதான் காரணமா மேடம்?" என்று கேட்டார் சம்பந்தி. ஒற்றைக் காரணம் கிடைத்தால் மனிதருக்கு வருகிற நிம்மதி அவர் முகத்தில் வரத் தொடங்கியிருந்தது.

"பல்லும் ஒண்ணு. புது மாத்திரையும் இதைக் குறைக்கும். உங்க வயசு, வருஷக்கணக்கான ஷிப்டு தூக்கம், குடும்பத்துல இருக்கறது, எல்லாம் சேர்ந்துதான். ஈறை சரி பண்ணதால இனிமே ஹார்ட்டுக்கு ஒண்ணும் வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். எரியற இடத்துல ஒண்ணு அணைஞ்சிருக்கு. அவ்வளவுதான்."

ஆலையில் எந்தக் கோளாறுக்கும் ஒரே ஒரு மூல காரணத்தை எழுதினால்தான் கோப்பு மூடும். உண்மையோ இல்லையோ, ஒன்று வேண்டும். கோப்பை மூட மறுத்த அந்த அம்மாள் மேல் எனக்கு மரியாதை இன்னும் கூடியது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நெஞ்சில் தையலோடு படுத்திருப்பவர்களுக்கு நுரையீரல் விரிய ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுப்பார்கள். குழாயில் மூச்சை இழுத்தால் உள்ளே மூன்று பந்துகள் எழும்ப வேண்டும். பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு ஒரு பந்து அசைவதே பெரிய பாடாக இருந்தது. சம்பந்தி வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டே இழுப்பார். மூன்றும் மேலே போய், இறங்காமல் நிற்கும். "போதும் விடுங்க சார், பந்துக்கு மயக்கம் வருது," என்றார் நர்ஸ். வார்டில் அது ஒரு வேடிக்கையாகிவிட்டது. பார்வையாளர் நேரத்தில் மற்ற கட்டில்களின் உறவினர்கள் வந்து நின்று பார்த்தார்கள். முன்பல் இல்லாத வாயோடு அவர் சிரிப்பார். கூட்டம் சேர்ந்தால் அவருக்கு எப்போதும் உற்சாகம்தான்.

மார்பெலும்பு கூடி, பல்செட் வந்து, ஊதலாமா என்று சர்ஜனிடம் நானே முறையாகக் கேட்டுச் சம்மதம் வாங்கிய பிறகு, ஒருநாள் தம்பியிடமிருந்து ட்ரம்பெட்டை வாங்கி முயன்றார். பல்செட் ஆடியது. விசில் வருவதற்கு முன் குக்கர் சீறுமே, அந்தச் சத்தம்தான் வந்தது. பலமுறை முயன்றார். பிறகு துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். முகத்தில் எதையும் காட்டவில்லை. சம்பந்தியம்மா மட்டும் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

அடுத்த வாரம் கோயில் பீரோவிலிருந்து யூஃபோனியத்தை எடுத்து வந்தார். தவலைபோலப் பெரிய பித்தளை வாத்தியம். வாசித்துக்கொண்டிருந்தவர் ஊரை விட்டுப் போனதிலிருந்து தூங்கிக்கொண்டிருந்தது. அதன் வாய்ப்பகுதி அகலம், பல்லை அவ்வளவு அழுத்தாது. ஆனால் உதடு முதல் மூச்சு வரை எல்லாம் புதிதாகப் பழக வேண்டும். வீட்டுக்குப் பின்னால் காலி மனையில் உட்கார்ந்து ஆரம்பித்தார். எருமை கத்துவதைப்போல இருந்தது என்பது என் கருத்து. எருமைக்கு ஒரு ஒழுங்கு உண்டு என்பது சம்பந்தியம்மாவின் கருத்து. பக்கத்து லாட்ஜில் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கும் வடநாட்டுத் தொழிலாளர்கள் கைகூப்பிக்கொண்டு வந்து நின்றார்கள். அவர்களுடைய தூக்க நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவர்கள் பஸ் ஏறிய பிறகு ஊதத் தொடங்கினார். ஓய்வு பெற்ற வயதில் ஒரு மனிதர் கடைசி பெஞ்சு மாணவனாகச் சேர்ந்து, அதற்கு வெட்கப்படாமல் இருப்பதை அந்த மாதங்களில் பார்த்தேன்.

அந்த வருடத் தேர், சம்பந்தி படுக்கையில் இருந்தபோதே ட்ரம்பெட் இல்லாமல் போயிருந்தது. அடுத்த வருடத் தேர் அன்று முன்வரிசையில் ட்ரம்பெட்டோடு தம்பி நின்றார். வால்வுகளைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்துக்கொண்டார். சம்பந்தி கடைசி வரிசையில், பெரிய ட்ரம்முக்குப் பக்கத்தில், வயிற்றோடு அந்தத் தவலையை அணைத்துக்கொண்டு நின்றார். இத்தனை வருடம் மற்றவர்கள் அவர் முதுகைப் பார்த்து அடியெடுத்து வைத்தார்கள். இப்போது அவர் இன்னொருவர் முதுகைப் பார்த்துக் கால் மாற்றிக்கொண்டார். முதல் பாட்டிலேயே தம்பி ஓரிடத்தில் தவறினார். கூட்டத்தில் ஒருவர், "இன்னாபா, இந்த வருஷம் ட்ரம்பெட்டு சுமாரா கீது," என்றார்.

நான் தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் நடந்துகொண்டிருந்தேன். பாட்டு முடிந்ததும் சம்பந்தி வாயைத் துடைத்தார்.

"கேட்டீங்களா?" என்றேன்.

"கேட்டேன். சுமாருதான். அவன் பழகிப்பான்." யூஃபோனியத்தைச் சாய்த்து உள்ளிருந்த எச்சில் நீரை வடித்தார். "நான் மட்டும் இன்னா, ரெண்டாவது வரில தப்பா ஊதினேன். பின்னாடி நின்னா யாருக்கும் தெரியல சம்மந்தி. இது தெரிஞ்சிருந்தா முன்னாடியே இங்க வந்திருப்பேன்."

முன்னே தம்பி திரும்பி அவரைப் பார்த்தார். சம்பந்தி தலையசைத்தார். தம்பி ட்ரம்பெட்டை உதட்டில் வைத்து அடுத்த பாட்டைத் தொடங்கினார். அவர் தொடங்கும் வரை காத்திருந்து, சம்பந்தி தன் பங்குக்குக் கீழ்ச்சுரத்தில் சேர்ந்துகொண்டார்.